இரும்பு இடுப்பும் குட்டை ஸ்பிரிங்கும்

பிப்ரவரி 4

பாங்க்குக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, தெருமுனை வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு உரசியது. பக்கத்து சீட்டில் இருந்த என் வீட்டுக்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் ஆறுதலாகத்தான் சொன்னேன், "பரவாயில்ல, ரெண்டு நாள் வீடு அமைதியா இருக்கும்" என்று. அது தப்பாம்.

நாக்கைக் காட்ட அடுத்த தெரு பல் டாக்டரிடம் போனாள். அங்கே காத்திருந்த நேரத்தில் என் வண்டியை அவருக்கே தருவதாகப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். அந்த ஆளுக்கு ரொம்ப நாளாக அதன் மேல் ஒரு கண். சிவப்பு வண்டி, ரெண்டே சீட்டு, திறந்த கூரை. எனக்கு முன்னாலேயே ரிட்டயர் ஆன வண்டிதான். ஆனாலும் என்னைவிட அதற்குத்தான் மரியாதை.

பிப்ரவரி 5

சமாதானப் பேச்சு. "நாலு ஸ்பிரிங்கும் தொய்ஞ்சு போச்சு. மாத்திட்டா மெத்தையா போகும்" என்றேன்.

"மாத்துங்க. மாத்திட்டு என்னை மலை மேல ஏரி வரைக்கும் கூட்டிட்டுப் போய் வாங்க. வந்ததும் எனக்கு இடுப்பு வலிச்சா வண்டி டாக்டருக்கு."

அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "உன் இடுப்பு மட்டும் எதுக்கு? என் இடுப்பையும் சேர்த்துக்கோ. இது இரும்பு!" என்று தட்டிக் காட்டினேன்.

"சரி. ரெண்டுல எது வலிச்சாலும் டாக்டருக்கு" என்றாள். சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள்.

பிப்ரவரி 9

மெக்கானிக்கிடம் போனேன். பெண்தான். வாய் என்னைவிட நீளம், அதற்காகவே அவளிடம் போகிறேன். முன்பக்க மட்கார்டை ஒரு அழுத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தாள். வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா பெருசு, நிக்காம தலையாட்டுது. ஸ்பிரிங் மட்டும் இல்ல, ஷாக்கும் போச்சு. வண்டியைத் தாங்குறது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஆட்டம் போடாம புடிச்சு வைக்கிறது ஷாக்."

"எங்க வீட்லயும் அதேதான். தாங்குறது அவ, ஆட்டம் போடுறது நான். ஷாக் மட்டும் இன்னும் கண்டுபிடிக்கல."

சிரித்தாள். ரெண்டு வழி சொன்னாள். பழைய அளவு ஸ்பிரிங், மெத்தென்று போகும். இல்லாவிட்டால் குட்டை ஸ்பிரிங், வண்டி தாழ்ந்து நிற்கும், வளைவில் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போகும். "ஆனா ஒவ்வொரு கல்லும் இடுப்புல வந்து பேர் சொல்லும். உங்க வயசுக்குப் பழைய அளவுதான்."

"என் வயசு உனக்கு யார் சொன்னது?"

"உங்க முட்டி. உக்காரும்போது கத்துச்சே."

சரி, பழைய அளவே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 10

மச்சான் வந்தான். வீட்டுக்காரியின் தம்பி. அவனிடமும் இதே வண்டி, மஞ்சள் நிறம், தரையை நக்குகிற மாதிரி தாழ்த்தி வைத்திருக்கிறான். நான் பழைய அளவு ஸ்பிரிங் சொல்லியிருப்பதைக் கேட்டுவிட்டு, "நல்லது அத்தான். அப்படியே ஒரு ஊன்றுகோலும் சொல்லிடுங்க, டிக்கியில வச்சுக்கலாம்" என்றான்.

நானும் சிரித்தேன். சிரிப்பா அது? பற்றி எரிந்தது.

பிப்ரவரி 11

குட்டை ஸ்பிரிங்கே போடச் சொல்லிவிட்டேன்.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டது. அப்புறம், "சரி, ஷாக்காவது திருகி மாத்துற வகையா வாங்குவோம். தலையில ஒரு குமிழ் இருக்கும். வலது பக்கம் திருகினா இறுகும், இடது பக்கம் திருகினா இளகும்" என்றாள்.

எனக்கெதற்கு இடது பக்கம்?

பிப்ரவரி 23

மாட்டியாச்சு. நிற்கிற அழகே அழகு. பாயத் தயாரான புலி. ஒரு குறைதான், உள்ளே இறங்க முடிகிறது, ஏறி வர முடியவில்லை.

பிப்ரவரி 24

ஏரிக்குப் போய் வந்தோம். போகும்போது அவள் கண் ரோட்டிலேயே இருந்தது. வளைவுகளில் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். போச்சு, இன்று டாக்டர் வீட்டில் கொண்டாட்டம் என்று நினைத்தேன்.

ஏரிக்கரையில் டீ குடித்துவிட்டு, "இறக்கத்துல நான் ஓட்டட்டுமா?" என்றாள். லைசென்ஸ் என்னவோ என்னைவிட முன்னாலேயே எடுத்தவள்தான். இந்த வண்டியை அவள் கேட்டதில்லை, நானும் கொடுத்ததில்லை. கொடுத்தேன். எந்தச் சாமி புகுந்ததோ! வளைவுக்கு வளைவு பறந்தாள். ஒவ்வொரு கல்லும் வந்து பேர் சொன்னது — என்னிடம்.

வீடு வந்ததும் குதித்து இறங்கி, "எனக்கு ஒண்ணுமே இல்லையே!" என்றாள். நான் சீட்டுக்கடியில் மூக்குக் கண்ணாடி தேடினேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. எழுந்திருக்க நேரம் வேண்டாமா?

பிப்ரவரி 25

படுக்கையை விட்டு எழவில்லை. ஏன் என்று கேட்டாள். சோம்பல் என்றேன். அம்மாடி... தும்மக்கூட பயமா இருக்கு.

பிப்ரவரி 28

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து நாலு குமிழையும் இடது பக்கம் திருகினேன். முன்னால் ரெண்டு பானெட்டுக்குள், பின்னால் ரெண்டு டிக்கிக்குள். டிக்கிக்குள் குனிந்தவன் நிமிர்வதற்குள் அவள் குளித்து, தலை துவட்டி, டீயும் போட்டுவிட்டாள்.

மார்ச் 2

மருந்துக்கடை வரைக்கும் போனேன். பல்லெல்லாம் ஆடியது. திறந்து பார்த்தால் நாலு குமிழும் வலது பக்கம்! மறுபடி இளக்கினேன்.

மார்ச் 4

மறுபடி இறுகியிருக்கிறது. மச்சான் வேலையாக இருக்குமோ? நேரே மெக்கானிக்கிடம் போய்க் கத்தினேன். "என்ன ஷாக் மாட்டிவிட்ட? தானா இறுகுது!"

அவள் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "தானா இறுகாது பெருசு, யாராவது இறுக்கணும். போன வாரம் இந்த வண்டியிலயே ஒருத்தர் வந்தாங்க. கடைசி வரைக்கும் திருகிட்டேன், இன்னும் இறுக்க வழி இருக்கான்னு கேட்டாங்க."

"மஞ்ச வண்டிக்காரனா?"

"இல்ல. நாக்கைக் கடிச்சவங்களாம்."

மார்ச் 5

மதியம் தூங்குகிற மாதிரி கிடந்தேன். குறட்டைகூட விட்டேன். அவள் ஷூவை மாட்டிக்கொண்டு போய், பானெட்டைத் திறந்து திருகினாள், டிக்கியைத் திறந்து திருகினாள். பாட்டு முணுமுணுப்பு வேறு. அப்புறம் தெருவே அதிர ஒரு புறப்பாடு. திரும்பி வரும்போது முகமெல்லாம் காற்று.

கேட்கலாமா? கேட்டால், நீங்க எதுக்கு இளக்குனீங்கன்னு கேப்பா. இடுப்புன்னு சொன்னா வண்டி டாக்டருக்கு. சொல்லலைன்னா இடுப்பே டாக்டருக்கு. இரும்பாம் இரும்பு! யார்டா உன்னைத் தட்டிக் காட்டச் சொன்னா?

மார்ச் 8

பல் டாக்டர் வந்துவிட்டார். நான் உள் அறையில் வெந்நீர்ப் பை மேல் படுத்திருந்தேன். கதவு லேசாகத் திறந்திருந்தது. முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏரிக்குப் போய் வந்தீங்களாமே? இடுப்பு எப்படிம்மா இருக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்."

"சாருக்கு?"

போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டேன்.

"அவருக்கா? இரும்பு சார். வண்டி குடுக்கிறதா இல்ல, மன்னிச்சுக்கோங்க."

அவரை அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். பையை உருவி எடுத்தாள். ஆறிப்போயிருந்தது. வேறு வெந்நீர் மாற்றிக்கொண்டு வந்து, "திரும்பிப் படுங்க, இரும்பு" என்றாள்.

எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் இடுப்பு இன்னும் வலித்தது.

மார்ச் 10

மெக்கானிக் பஞ்சாயத்து பண்ணினாள். முன்பக்கக் குமிழ் ரெண்டும் வீட்டுக்காரி இஷ்டம். பின்பக்கம் ரெண்டும் என் இஷ்டம். சீட்டில் என் இடுப்புக்கு வைக்கிற தலையணை என் செலவு.

மார்ச் 22

மச்சானோடு ஏரிக்குப் போய் வந்தோம். மஞ்சள் வண்டி நாலாவது வளைவிலேயே கண்ணாடியை விட்டு மறைந்துவிட்டது. மேலே அவன் வந்து சேர்வதற்குள் நாங்கள் டீ குடித்து முடித்திருந்தோம். "அத்தான் எப்படி இப்படி ஓட்டுறாரு?" என்று அக்காவிடம் கேட்டான். அவள் கையில் சாவியைப் பார்த்ததும் அடங்கினான். டிக்கியில் ஊன்றுகோல் இருக்கு, வேணுமா என்று கேட்டேன்.

திரும்பி வரும்போது தெருமுனை வேகத்தடை. அவளா வேகத்தைக் குறைப்பவள்? நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "பரவாயில்ல, ரெண்டு நாள் வீடு அமைதியா இருக்கும்" என்றாள்.

பேச முடியவில்லை. அதனால்தான் இன்று இவ்வளவு எழுதுகிறேன்.