கெட மறுத்த ரொட்டி

மே 22
கல்லூரியில் உணவு அறிவியலுக்கு இடம் கிடைத்து எட்டு நாள் ஆகிறது. ஜூலைக்குள் உதவித்தொகை எதுவும் அமையாவிட்டால் அந்த இடம் இன்னொருத்திக்கு. நான் அப்பா மாஸ்டராக இருக்கும் பேக்கரியில் கல்லாவில் உட்கார வேண்டியதுதான். நூலகர் அக்காவும் நானும் இன்று பதினொரு அறிவிப்புகளைப் படித்தோம். மீனவர் பிள்ளைகளுக்கு ஒன்று. இரட்டையருக்கு ஒன்று. இடது கைக்காரர்களுக்குக்கூட ஒன்று இருக்கிறது!

மே 23
இடது கையால் எழுதிப் பார்த்தேன். என் பெயரை என்னாலேயே படிக்க முடியவில்லை.

ஜூன் 2
கிடைத்தது! ஓர் அறக்கட்டளை முழுக் கட்டணமும் தருகிறதாம். வீட்டிலேயே ஏதாவது ஒரு சோதனை செய்து, பத்து நாள் குறிப்பும் படங்களும் 14ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். நம் வீட்டில் பஞ்சமில்லாத பொருள் ரொட்டி. அதில் பூசணம் எத்தனையாவது நாள் வருகிறது என்று பார்க்கப்போகிறேன். அப்பா சுட்டதில் ஒன்றை டப்பாவில் போட்டு ஜன்னலோரம் வைத்தாயிற்று.
“எதுக்கும்மா அது?”
“கெட்டுப்போகத்தான்.”
அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. உதவித்தொகைக்கு என்று சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் என்னைவிட அவர்தான் இடிந்துபோவார்.

ஜூன் 6
ஒன்றும் இல்லை.

ஜூன் 8
இன்னும் ஒன்றும் இல்லை. அமுக்கினால் பஞ்சு மாதிரி இருக்கிறது. ஒருவேளை பெரிய கண்டுபிடிப்போ? பாராட்டு விழாவுக்கு உடுத்திக்கொள்ள உருப்படியாக ஒன்றுகூட இல்லையே!

ஜூன் 9
ஐயோ ஐயோ ஐயோ.
படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் நாள் ரொட்டியின் மேல் வெடிப்பு இடப்பக்கம். நேற்று வலப்பக்கம். இன்று வெடிப்பே இல்லை! ரொட்டி தனக்குத்தானே தையல் போட்டுக்கொள்ளுமா?
அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். “என்னை ஏண்டி முறைக்கிற? உங்கப்பாதான் தினமும் வேலை முடிஞ்சு வந்து பழச எடுத்துட்டுப் புதுசு வைக்கிறார். உங்கிட்ட சொல்லக் கூடாதாம்.”
அப்பா தூங்கி எழும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை. எழுப்பியே சண்டை போட்டேன்.
“நான் சுட்ட ரொட்டில பூசணம்னு படம் புடிச்சு நாலு பேருக்குக் காட்டுவ. நான் பாத்துட்டு சும்மா இருக்கணுமா?”
“அது உதவித்தொகைக்குப்பா! என் படிப்பே போச்சு!”
கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல...” என்றார்.
சொல்லியிருக்கலாம்தான். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அழுதேன்.

ஜூன் 10
பத்து நாள் சோதனைக்கு மிச்சம் இருப்பது நான்கே நாள். பூசணத்தை நானே வரைந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். நூலகர் அக்கா, “அடி வாங்குவ. நடந்தத நடந்தபடியே எழுதி அனுப்பு,” என்றாள்.
எழுதினேன். ‘சோதனையில் நேர்ந்த பிழை: அப்பா.’

ஜூன் 28
நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்! மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் என் தாள்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
“மறுபடி இதையே செஞ்சா என்ன மாத்துவ?”
“வேற கடை ரொட்டின்னு அப்பாகிட்ட சொல்லிடுவேன் மேடம். கெட்டுடுச்சா கெட்டுடுச்சான்னு அவரே தினமும் வந்து பாப்பார்.”
மூவரும் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 4
விடுதியில் ஜன்னலோரக் கட்டில் எனக்கு. ஆய்வகத்துக்குப் போடும் வெள்ளைக் கோட்டுக்குள் என்னைப் போல் இன்னொருத்தியும் நுழையலாம், அவ்வளவு பெரிது. காலையில் அப்பா போன் செய்தார்.
“அங்க ரொட்டி எப்படிம்மா இருக்கு?”
“மகா மட்டம்ப்பா. தொண்டைல இறங்கல.”
“அப்படியா!” அந்தக் குரலில்தான் எவ்வளவு சந்தோஷம்.
உடனே அடுத்த கேள்வி.
“ஞாயித்துக்கிழமை கொண்டு வரட்டுமா?”
பஸ்ஸில் எட்டு மணி நேரம். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
“ரெண்டா கொண்டு வாங்கப்பா,” என்றேன்.