முப்பத்தெட்டு பேர் போட்ட ‘ஆம்’

அன்புள்ள ஆஸ்ட்ரிட்டுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் இன்னும் முரண்டுபிடிக்கிறது. லண்டனில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள், கேட்டாயிற்று.

உன் ஆய்வறிக்கையை நேற்றுதான் முழுக்கப் படித்தேன். நம் ஊர் ஜன்னல் தொழிற்சாலை போலந்துக்குப் போனதில் வேலையிழந்த நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டு பேர், வேலை கிடைத்தால் நூறு கிலோமீட்டர் தள்ளிக் குடிபோகவும் தயார் என்கிறார்களாம். ஆகவே ஊரிலுள்ள பயிற்சிப் பட்டறையை மூடிவிட்டு வீடு மாற உதவித்தொகை தரலாம் என்று, மாதக் கடைசி வியாழக்கிழமை கோபன்ஹேகனில் அமைச்சகத்தார் முன்னால் பேசப்போகிறாய். படமெல்லாம் பிரமாதம். உலக வர்த்தகம் சிவப்பு அம்புக்குறியாகப் பறந்து வந்து நம் ஊர் மண்டையில் குத்தி நிற்கிறது.

வேலைவாய்ப்பு அலுவலகம் மாதாமாதம் இதே கேள்வியைப் படிவத்தில் அனுப்புகிறது, தெரியுமா? ‘இல்லை’ என்று போட்டால் மூன்று வாரம் உதவிப்பணம் நின்றுவிடும். நீ அனுப்பிய கேள்வித்தாளைக் கண்டதும் எல்லார் கையும் தானாக ‘ஆம்’ கட்டத்துக்குப் போய்விட்டது. ரகசியம் காக்கப்படும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாயே, அதைப் பார்த்துத்தான் பயமே வந்ததாம். பக்கத்து வீட்டு ப்ரெபென் போன மாதம்தான் கூரை மாற்றினான். அவனும் ‘ஆம்’தான். ஏன்டா என்றால், நிலாவுக்குக் குடிபோறியான்னு கேட்டாலும் ஆமாம்தான்யா, பொண்டாட்டி மட்டும் வரமாட்டா என்கிறான். ‘இல்லை’ போட்ட மூன்று பேரும் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். உண்மை பேச அவர்களுக்குத்தான் கட்டுப்படியாகிறது.

அளவுகோல் கோணலென்றால் அன்று அறுத்த ஜன்னல் சட்டமெல்லாம் குப்பை, என் தொழிலில் அப்படித்தான். அந்த முப்பத்தெட்டில் நானும் ஒருவன். பெற்ற மகள் அனுப்பிய தாளிலேயே பொய் எழுதினேன். நாற்பத்தைந்து வயதில் மறுபடி மாணவனாகி, காற்றாலை பழுதுபார்க்கும் சான்றிதழுக்கு இன்னும் நான்கு மாதம் பாக்கி. நீ மூடச் சொல்வது நான் படிக்கும் அந்தப் பட்டறையைத்தான்.

பேச்சைத் தள்ளிப்போடு. உன் பேராசிரியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், வைத்துக்கொள்ளட்டும். அந்த வியாழனுக்கு முந்தின சனிக்கிழமை ஊருக்கு வா. எல்லாரையும் நம் சமையலறைக்குக் காப்பிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். தாளும் பேனாவும் வேண்டாம், முகத்தைப் பார்த்துக் கேள்.

நீ நன்றாக இருக்க வேண்டும், பெரிய பெயர் எடுக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. கம்பளிக் காலுறை போடு. நீ தள்ளிப்போடாவிட்டால் அந்த ‘ஆம்’ எல்லாம் பொய்யென்று அமைச்சகத்துக்கு நானே எழுதுவேன், ஆஸ்ட்ரிட்டின் அப்பா என்று கையெழுத்தும் போடுவேன்.

உன் அப்பா,
யேஸ்பர்