பிரேக்குக்கு அடியில் எலுமிச்சம்பழம்

கோலாலம்பூர்
10.01.2025

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். உங்கள் நலத்தையும் மாமியின் முழங்கால் நலத்தையும் அறிய ஆசை. பொங்கலுக்குத் தெல்தெனியவில் கராஜைப் பூட்டிவிட்டுப் பன்விலவுக்கு மாமியிடம் போவீர்கள்தானே? போகாமல் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்தீர்கள் என்று கேள்விப்பட்டால் கோபம் வரும்.

இனிமேல் பெரிய விசயங்களைக் கடிதத்தில்தான் பேசுவது என்று முடிவு பண்ணிவிட்டேன். போன கிழமை ஃபோனில் என்ன நடந்தது? இரண்டு பேரும் கத்தினோம், இரண்டு பேரும் வைத்துவிட்டோம். கடிதத்தில் திட்டினால் வந்து சேருவதற்குள்ளாவது சூடு ஆறும்.

அன்றைக்கு நீங்கள் கேட்க விடாத செய்தி இதுதான். எங்கள் கார்ப் பந்தயத் தொடரின் தலைமை நிர்வாகி ஓய்வு பெறுகிறார். அந்தப் பதவிக்கு, அந்தப் பெரிய கதிரைக்கு, என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆறு நாட்டில் ஓடும் பந்தயம். எந்த ஊரில் ஓடுவது, யார் பணம் போடுவது, மழை பெய்தால் நிறுத்துவதா விடுவதா, எல்லாம் என் கையெழுத்தில் நடக்கும். போன ஒக்டோபரில் மழையில் அம்புலன்ஸ் ஹெலிகொப்டர் பறக்க முடியாது என்று நான் பந்தயத்தை நிறுத்தினேனே, விளம்பரக்காரர்கள் என்னைத் தின்ன வந்தார்களே, அதைப் பார்த்துத்தான் கேட்கிறார்களாம். எனக்கே நம்ப முடியவில்லை. வண்டிகளுக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்க்க வந்தவள் நான்.

ஆனால் ஐந்து வருச ஒப்பந்தம். சித்திரை வருசத்துக்கு ஒரேயடியாக வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று போன தடவை பிள்ளையார் முன்னால் நின்று உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? மழுப்பாமல் எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
நிஷாந்தினி


தெல்தெனிய
02.02.2025

அன்புள்ள நிஷாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான், வாய் மட்டும் நல்ல சுகம். பொங்கலுக்குப் போனேன். உன் செய்தியைச் சொன்னேன். "கதிரையாம் கதிரை! நம்ம வீட்டுல இல்லாத கதிரையா? அவள வரச் சொல்லுடா. எத்தன வருசத்துக்குத்தான் நீ தனியா சோறு திங்குறது?" என்றாள். தங்கச்சி கமலம் அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மழுப்பாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். நீ அங்கே ஒவ்வொரு படி ஏறும்போதும் எனக்கு அந்த மலையேற்றக் கார் ஓட்டம்தான் ஞாபகம் வருகிறது. விடியக் காலையில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலுக்குப் போய், என் பேருக்கு அர்ச்சனை பண்ணி, எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, "இது இருந்தா ஒண்ணும் ஆகாதுங்க" என்று என் காரில் நீதான் வைத்தாய். மத்தியானம் கடைசி ஓட்டத்துக்கு முன்னால் வண்டிச் சோதனைக்காரியாக வந்து குனிந்ததும் நீதான். பழம் உருண்டு பிரேக் மிதி பக்கம் கிடந்தது. எடுத்து வீசிவிட்டு விடு என்றேன். "வண்டிக்குள்ள கட்டாத சாமான் இருந்தா ஆளையே ஓட்டத்துல இருந்து நீக்கணும், அதுதான் சட்டம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாய். அதுவரைக்கும் நான்தான் முன்னுக்கு இருந்தேன். வைத்தவளும் நீ, பிடித்தவளும் நீ! உலகத்தில் எந்தப் புருசனுக்கு இப்படி நடந்திருக்கிறது?

அதைப் பார்த்துக்கொண்டிருந்த மலேசியாக்காரர், புருசனையே வெளியே போட்ட பெண் யார் என்று கேட்டு உனக்கு வேலை தந்தார். எனக்கு ஊர் முழுக்க "எலுமிச்சை" என்று பட்டப்பெயர் கிடைத்தது. இன்றைக்கும் தெல்தெனிய மரக்கறிக் கடையில் "அண்ணே, எலுமிச்சை வேணாமா?" என்று கேட்கிறான்.

உன் விருப்பம்போல் செய். தடுக்கமாட்டேன். சந்தோசம் என்று பொய் எழுதவும் எனக்கு வராது.

இன்னொரு கூத்து. சோதனைக்காரர் சேதுராமன் அண்ணனுக்குக் கண்ணில் ஆபரேஷன் என்பதால், சித்திரை ஓட்டத்துக்கு வண்டி சோதிக்கிற வேலையை மோட்டார் கழகத்தார் என் தலையில் கட்டிவிட்டார்கள். உன் பழைய வேலை. சிரிக்காதே.

யோகராஜ்


கோலாலம்பூர்
09.03.2025

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

சிரித்தேன். மன்னிக்கவும். பிறகு அழுகையும் வந்தது.

ஏப்ரல் கடைசிக் கூட்டத்தில் முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன். மே மாதம் வீட்டுக்கு வந்துவிடுவேன். உங்கள் மேல் வந்த கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. நன்றாக யோசித்துவிட்டேன்.

இங்கே எனக்கு முதுகுக்குப் பின்னால் "மேடம் லைம்" என்று பெயர். அந்த எலுமிச்சம்பழக் கதையைப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறார்கள். எவ்வளவு நேர்மை என்கிறார்கள். மிச்சக் கதை அவர்களுக்குத் தெரியாது. நான் வெளியே போட்ட அந்த மனுசன் ஆறு மாசம் என்னோடு பேசாமல் இருந்தார். இருந்தும் எனக்கு விசா வந்து புறப்பட்ட அன்று கண்டியிலிருந்து கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கு அவர்தான் வண்டி ஓட்டினார். இறங்கும்போது, வழியில் சாப்பிட மீன் வைத்த மாலுபாண் பொட்டலத்தையும் தண்ணீர்ப் போத்தலையும் கையில் திணித்துவிட்டு, "பாத்து போ" என்றார். அவர் போகாதே என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் போயிருக்கமாட்டேன். சொல்லவில்லை. என் வேலை, பதவி எல்லாம் அந்த மாலுபாணிலிருந்து வந்ததுதான் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

நீங்கள் எனக்கு நிறையத் தந்துவிட்டீர்கள். இனி நான் வந்து உங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நானும் இங்கே தனியாகத்தான் சாப்பிடுகிறேன், மாமியிடம் சொல்லுங்கள்.

சோதனை வேலையில் கவனம். ஆள் பார்க்காதீர்கள், வண்டியைப் பாருங்கள்.

என்றும் நன்றியுள்ள,
நிஷா


தெல்தெனிய
21.04.2025

என் அன்பு நிஷாவுக்கு,

கடிதம் பிந்திவிடும் என்ற பயத்தில் இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறேன். ஃபோன் எடுக்காதே. முதலில் முழுக்க வாசி.

நேற்று மலையேற்ற ஓட்டம். கண்டியில் பேங்கில் வேலை செய்கிற ஜனகன் என்று ஒருத்தன், நல்ல ஓட்டக்காரன், அவன்தான் முன்னுக்கு. கடைசி ஓட்டத்துக்கு முன்னால் அவன் வண்டிக்குள் குனிந்தேன். என்ன கிடந்தது தெரியுமா? சீட்டுக்கு அடியில், குங்குமம் தடவின எலுமிச்சம்பழம்! பிள்ளையாரே, என்னை வைத்து விளையாடுகிறாயா என்று கேட்டேன்.

கழகத்தார் யாரும் பார்க்கவில்லை. எடுத்துச் சட்டைப் பையில் போட்டிருக்கலாம். போடத்தான் போனேன், உன்மேல் சத்தியம். அவன் மனைவி கயிற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். பழத்தை வைத்தவள் அவள்தான், நான் கண்டுவிட்டது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

என்ன தோன்றியதோ, அந்தப் பழத்தைப் பிரேக் மிதிக்கு அடியில் வைத்து, மிதியைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். பாதிதான் இறங்கியது. திரும்ப அமுக்கினேன். பாதிதான். இத்தனை வருசம் உன்னோடு சண்டை போட்டேனே, ஒரு நாளாவது இதைச் செய்து பார்த்தேனா? எனக்கு அந்தக் கடைசி வளைவு கண்முன்னால் வந்தது. கீழே பள்ளம். நான் அந்த வளைவுக்கு எப்படி வருவேன் என்று உனக்குத் தெரியும், கடைசி நொடியில்தான் பிரேக்கைத் தொடுவேன். அன்றைக்கு நீ விட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதத்தை எழுத ஆள் இல்லை, நிஷா.

ஜனகனை நீக்கினேன். அவன் பேசின பேச்சு இங்கே எழுத முடியாது. "ஒங்க பொண்டாட்டி ஒங்களுக்குச் செஞ்சத எனக்குச் செய்றீங்களா?" என்று கத்தினான். ஆமா தம்பி, அதேதான் என்றேன். நான் ஊரான் ஒருத்தனை நீக்கிவிட்டே ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன். நீ கட்டின புருசனை நீக்கிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து எனக்குச் சோறும் போட்டாய். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன்.

நன்றி, நிஷா. உயிரோடு வைத்ததற்கு நன்றி. இத்தனை வருசமாக இதைச் சொல்லாதவனை விட்டுப் போகாமல் இருந்தாயே, அதற்கும் நன்றி.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். நீ முடியாது என்று சொல்லக்கூடாது. அந்தக் கதிரையில் நீ உட்கார்ந்தால் ஆறு நாட்டிலும் எத்தனை பேர் வளைவு தாண்டி வீட்டுக்குப் போவார்கள்! எனக்குச் சோறு போட வருகிறேன் என்று அதை விட்டுவிட்டு வந்தால், அந்தச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்காது.

நான் வருகிறேன். இன்றைக்குக் காலையிலேயே பாஸ்போட்டுக்குப் படம் எடுத்துவிட்டேன், திருடன் மாதிரி விழுந்திருக்கிறது. கராஜை என்னோடு வேலை செய்கிற கணேஸ் எடுத்து நடத்துகிறான். அம்மாவிடம் பயந்து பயந்து சொன்னேன். "அட பாவி, இத அப்பவே செஞ்சிருந்தா நான் இவ்வளவு கத்தியிருக்க வேணாமே! போ. நான் கமலத்தோட இருந்துக்குவேன்" என்றாள். சரியான ஆள்தான்.

அங்கே எனக்கு ஒரு வேலை பார். டோர்ச் அடித்துக் குனிகிற வேலையானாலும் சரி.

உன்,
யோகராஜ்


கோலாலம்பூர், வீடு
14.06.2025, காலை

என்னங்க,

முத்திரை ஒட்டாமல் உங்களுக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. நேற்றுத்தான் விமானத்தில் வந்து இறங்கினீர்கள், நன்றாகத் தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. எனக்கு எட்டு மணிக்குப் பந்தயத் திடலில் கூட்டம். புதிய தலைமை நிர்வாகி பிந்திப் போனால் மரியாதை இல்லை.

சோறும் பருப்பும் நெத்தலிப் பொரியலும் மத்தியானத்துக்கு மூடி வைத்திருக்கிறேன். பின்னேரம் கணக்காளர் ரபீகா உங்களைத் திடலுக்குக் கூட்டிப்போக வருவா. நம்ம அலவத்துகொடக்காரிதான், அதனால் தமிழிலேயே பேசுங்கள். உங்கள் அனுமதி அட்டை மேசையில் இருக்கிறது. அதில் பதவி என்ற இடத்தில் "வண்டிச் சோதனை" என்று போட்டிருக்கிறது. நான் சிபாரிசு பண்ணவில்லை. ஜனகன் கதையை வேலைக்கு ஆள் எடுப்பவர்களிடம் சொன்னேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. மாமி கொடுத்துவிட்ட எலுமிச்சம்பழத்தை ராத்திரி எனக்குத் தெரியாமல் என் காரின் முன்பக்கம் வைத்திருக்கிறீர்கள். காலையில் கதவைத் திறந்ததும் பிடித்துவிட்டேன். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு டாஷ்போட் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் சட்டப்படி குற்றம் இல்லை. அதனால் இந்தத் தடவை உங்களை நீக்கவில்லை.

ராத்திரிக்கு இரண்டு தட்டு கழுவி வைத்திருக்கிறேன். நான் வரும்வரை சாப்பிடாமல் இருங்கள்.

நிஷா