காவிப் பட்டையும் இஞ்சினியர் கோடும்

கங்கையாபள்ளி,
வடமாலபேட்டை வழி.

அன்பு மகன் பிரவீனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் எருமையும் அம்மன் புண்ணியத்தில் சௌக்கியம், நீ குவைத்தில் அந்த வெயிலில் எப்படி இருக்கிறாய், ராத்திரி ஷிப்டுக்கு வெறும் டீயைக் குடித்துவிட்டு ஓடாதே, வயிறு கெட்டால் அங்கே யார் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள்.

போனில் நீ ஊர்ச் சேதி கேட்டபோது பூத்துக்காரன் முறைத்ததால் ஒன்றும் சொல்லவில்லை, இப்போது கேள். நம் அணைத் தண்ணீரைப் பங்கு போட்டுவிட்டார்கள். திருப்பதி பெருத்துவிட்டதாம், மூலைக்கு மூலை அபார்ட்மெண்டாம், அதனால் பாதித் தண்ணீர் இனிமேல் டவுனுக்குக் குடிக்கவாம். மழைக்கு முன்னால் அணை வற்றியிருந்தபோதே ரமணா என்று ஒரு இஞ்சினியர் வந்து மதகுச் சுவரில் சிவப்பு எனாமல் பெயிண்டில் ஒரே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். தண்ணீர் கோட்டுக்கு மேலே இருக்கும்வரை வயலுக்கு, கோட்டைத் தொட்டதும் வயல் மதகை மூடிவிட வேண்டும், மிச்சமெல்லாம் திருப்பதிக்கு. நம் நெல்லோ பால் பிடிக்கிற சமயம், இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால்தான் பிழைக்கும், அணைத் தண்ணீரோ கோட்டை நெருங்கிவிட்டது. எனக்குச் சோறே இறங்கவில்லை.

உன் நைனாவுக்கு அந்தக் கவலை இல்லை, ஜாத்திரைக் கவலை. வருஷா வருஷம் கங்கம்மா ஜாத்திரைக்குக் கோயில் சுவரோடு மதகுச் சுவருக்கும் காவிப் பட்டை அடிப்பது நம் வழக்கம்தானே. வாளியோடு போனவர், தண்ணீர் இறங்கி அப்போதுதான் வெளியே தெரிந்த அந்தக் கோட்டைப் பார்த்து, எவன்டா இவன், அம்மனுக்கு ஒத்தப் பட்டை அடிச்சிட்டு ஓடிட்டான் என்று திட்டி, உச்சியிலிருந்து தண்ணீர் வரை சுவர் முழுக்கக் குறுக்குப் பட்டைகளாக அடித்து, இஞ்சினியர் கோட்டின் மேலும் காவி பூசி, பொட்டும் வைத்துவிட்டு வந்து, செவுரு ஜோரா கீது, போய்ப் பாரு என்று என்னிடம் பெருமை வேறு. மதகை மூட வந்த ரமணா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நா கீத எக்கடய்யா, என் கோடு எங்கேய்யா என்று தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்துகிறார். நம் ஊர்க்காரர்கள் விடுவார்களா, கோடு இன்னும் முங்கித்தான் கிடக்கிறது என்று ஒரே குரலில் அடிப் பட்டைக்கும் கீழே தண்ணீரைக் காட்டினார்கள். ரமணாவோடு வந்த டவுன் ஆபீசர் உச்சிப் பட்டைதான் கோடு என்று காட்டினார். உன் நைனாவைக் கேட்டால், அம்மன் செவுத்துல எல்லாப் பட்டையும் ஒண்ணுதான் சார் என்கிறார், அப்பாவி மனுஷன். கடைசியில் சித்தூரிலிருந்து அளவுக் கருவி வரும்வரை மதகைத் தொடக்கூடாது என்று முடிவானது. மதகு திறந்தபடியே இருந்தது, தண்ணீர் வயலுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

எனக்கு முதல் நாளே தெரியும். காவி கரையும், எனாமல் கரையாது, ஒரு குடம் ஊற்றினால் கோடு தானாகத் தெரிந்துவிடும். கத்துகிற அவசரத்தில் ரமணாவுக்கு அது தோன்றவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. மேல் வயல் நனைந்துகொண்டிருக்கும்போது எந்த மடச்சி வாயைத் திறப்பாள்.

அப்போதுதான் திருப்பதியிலிருந்து உன் பெண்டாட்டி பத்மினி பூத்துக்குப் போன் செய்தாள். நீ ஆசையாக வாங்கிப்போட்ட அபார்ட்மெண்டில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறதாம், குழந்தையை ஈரத்துணியால் துடைத்துத் தூங்கவைக்கிறாளாம். உடம்பெல்லாம் வேர்க்குரு அத்தே, சொறிஞ்சிக்கினே அழுவுது என்றாள். நம் கீழ் மூலை இன்னும் நனையவில்லை. போனால் போகிறது சனியன் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், ரமணா கண் முன்னாலேயே சுவரில் ஊற்றினேன். காவி ஒழுகி ஓடியது, கோடு பல்லை இளித்துக்கொண்டு நின்றது, தண்ணீர் எப்போதோ அதற்குக் கீழே போயிருந்தது. மதகை அந்த நிமிஷமே மூடினார்கள்.

அம்மன் பட்டையை அழித்தவள் என்று உன் நைனா என்னோடு பேசவில்லை. கருகிப்போன மூலையைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் திருப்பதி பஸ் ஏறிவிட்டார். பத்மினிதான் போனில் சொன்னாள், மனுஷன் செருப்பைக் கழற்றியதும் நேராகக் குழாயிடம் போய்த் திறந்து, ஒரு கை பிடித்துக் குடித்து, நம்ம மூலை வயல்மா இது, சிந்தாம புடி என்றாராம். பிறகு பேத்தியைத் தானே குளிப்பாட்டினாராம், பாப்பா சிரித்துக்கொண்டே இருந்ததாம். திரும்பி வந்ததும் என்னிடம் காபி கேட்டார்.

கங்கம்மா உன் தலைக்கு மேலே குடையாக நிற்கட்டும், நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இரு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், லீவில் வந்து ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு நிற்காதே, உன் நைனா கதவுக்கு வெளியே நின்று, மூலை வயல் போவுதுடா என்று தட்டிக்கொண்டே இருப்பார்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா மல்லிகா