குடும்பப் பெயர்க் கட்டம்

பிப்ரவரி 9

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இன்று இயந்திரம் ஒன்று படுத்துவிட்டது. மேற்பார்வைக்காரி எங்கள் மேல் எரிந்து விழுந்தாள். விரிப்பு மடித்து மடித்து இடுப்பு விட்டுப்போயிற்று.

சாயங்காலம் இந்த நாட்டுப் பட்டாளத்தின் பயிற்சி முகாமிலிருந்து தம்பி பேசினான். ஹோட்டலில் தட்டு கழுவிய கையில் இப்போது துப்பாக்கி. "அக்கா, இங்க குடும்பப் பேர் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. தினமும் காலையில அப்பாவுக்கு அர்ச்சனை நடக்குது. காது குளிருது!"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நமக்கேது குடும்பப் பெயர்? பட்டாளத்தில் சேரும் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்றார்கள். தட்டு கழுவிக்கொண்டிருந்த அவன் கை ஈரம். நான்தான் அப்பா பெயரை எழுதினேன். பதினேழு வயதில் அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளி, "என் பேரை எங்கயும் சொல்லாதே" என்ற அப்பா.

ஏப்ரல் 21

தம்பியைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள். "ரெண்டே வருஷம்க்கா. அப்புறம் நமக்குக் குடியுரிமை."

ஜூன் 2

சீருடையில் இருவர் வந்தார்கள். அப்பா பெயரைச் சொல்லி, இறந்துவிட்டார் என்றார்கள். ஒரு நொடி — ஒரே ஒரு நொடி — அப்பாதான் போய்ச் சேர்ந்தார் என்று நினைத்து நிம்மதியானேன். அதற்கப்புறம்தான் புரிந்தது.

ஐயோ, அந்த நிம்மதியை நான் எங்க கொண்டுபோய்க் கழுவுவேன்?

ஜூலை 14

நினைவுக்கல்லில் அப்பா பெயர் முழுதாக. தம்பிக்கு ஒரே எழுத்து. ஊரில் அப்பா இனிஷியல். இங்கே தம்பி இனிஷியல். மாற்றச் சொல்லிப் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் படிவத்தை எடுத்துக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதானே?"

ஆமாம். முத்து முத்தாக.

ஆகஸ்ட் 30

கல் திறப்புக்கு அப்பாவை விமானத்தில் வரவழைக்கிறார்கள். இறந்தவன் பெயரை மூன்று முறை கூப்பிடுவார்களாம். பதில் வராத அந்த அமைதிதான் மரியாதையாம். போனில் அப்பாவிடம் விளக்கினேன். "ம், ம்" என்றார்.

செப்டம்பர் 12

முதல் வரிசையில் அப்பா, புதுச் சட்டையில். அவருக்கு இந்த மொழி தெரியாது. காதில் விழுந்ததில் புரிந்த ஒரே சொல் அவர் பெயர். முதல் தடவை திரும்பிப் பார்த்தார். இரண்டாவது தடவை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மூன்றாவது தடவை எழுந்து நின்று கையைத் தூக்கினார். "இருக்கேன் ஐயா!"

மகனை நினைத்துக் கதறுகிறார் என்று கூட்டமே அழுதது. தளபதி வந்து கட்டிக்கொண்டார். காரில் அப்பா என்னிடம் கேட்டார்: "மூணு தடவை கூப்பிட்டாங்க, கவனிச்சியா?"

பாவி மனுஷன். இருக்கத்தான் இருக்கிறார்.

நவம்பர் 5

தம்பி செத்ததற்காக எனக்குக் குடியுரிமை தருகிறார்கள். படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்துவிட்டது.

இன்று சாப்பாட்டு இடைவேளையில், விரிப்புக் குவியலின்மேல் வைத்து அந்தக் கட்டத்தில் தம்பி பெயரை எழுதினேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. ஆனாலும் படிக்க முடிகிறது.