சூடு ஆறுமட்டும் ஓடுற பம்ப்

இஞ்சேருங்கோ,

இடியப்பமும் சொதியும் மூடி வைச்சிருக்கிறன். சாப்பிட்டிட்டு வலிப்புக் குளிசையைப் போடுங்கோ.

உங்கடை பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குக் கரண்டிலை ஓடுற புதுத் தண்ணிப் பம்ப் பூட்டேக்கை நீங்கள்தான் சொன்னனீங்கள், எஞ்சினை நிப்பாட்டினாலும் சூடு ஆறுமட்டும் அது ஓடிக்கொண்டிருக்கும் எண்டு. காலமை நான் எழும்பேக்கை கராஜுக்குள்ளை அது இரைஞ்சுகொண்டு இருந்தது.

வலிப்பு வந்ததுக்குப் பிறகு இனிக் கார் ஓடமாட்டன் எண்டு எனக்குச் சத்தியம் பண்ணித் தந்தனீங்கள். இப்ப காலிலை சப்பாத்தோடை நித்திரை கொள்ளுறியள்.

காரின்ரை முன் லைற் ஒண்டு உடைஞ்சிருக்கு. ஸ்டேஷன் ரோட்டைப் பொலிஸ் மறிச்சு வைச்சிருக்காம், பக்கத்து வீட்டு ராஜி சொல்லுறா. நான் நடந்துபோய்ப் பார்த்திட்டு வாறன். கார்த் திறப்பு என்னட்டை இருக்கு.

பிறேமினி

எங்கை போனனீங்கள் எண்டு ஞாபகம் வருதோ எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

காரைக் கழுவாதேங்கோ.