நிறைந்ததா, வடிந்ததா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீ சுகமா என்று கேட்பது முதல் வரிக்கு அழகு என்று எப்போதும் கேட்பேன், இந்த முறை அழகுக்காகக் கேட்கவில்லை. இரண்டு கையும், பத்து விரலும், இரண்டு காதும் சரியாக இருக்கின்றனவா, அதை முதலில் எழுது. போனில் பேசினால் நீ சிரித்தே மழுப்பிவிடுகிறாய், நானும் கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிடுகிறேன், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பட்டறையில் இன்னும் வண்டிக்கடியில் படுத்துத்தான் வேலை, வேண்டாம் என்றால் கேட்கிறாரா, "எனக்கும் இந்த வண்டிக்கும் ஒரே வயசு, எண்ணெய் போட்டா ரெண்டும் ஓடும்" என்கிறார். சின்னவளுக்கு வாந்தி நின்றுவிட்டது, இப்போது கோபம் வருகிறது, குழந்தை பிறக்கும்வரை மாப்பிள்ளை பாவம். பிள்ளைத்தாய்ச்சி என்பதால் உன் விஷயம் எதையும் அவள் காதில் போடவில்லை, நீயும் உளறிவிடாதே. மாடிக் குழாயை மூடினால் சுவருக்குள் டம்மென்று இடிக்கிறது. குழாய்க்காரரைக் கூப்பிட்டுக் காட்டினோம், "ஓடுற தண்ணிய பட்டுனு நிறுத்தினா அது எங்கயாவது முட்டத்தானேம்மா செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருஷம் காதில் ஏறாத சத்தம், இப்போது ஒவ்வொரு இடிக்கும், நீ தண்ணீருக்குள் துப்பாக்கி சுட்டுப் பார்க்கிற சோதனைத் தொட்டிதான் கண்முன் வருகிறது, அடுப்படியில் கையிலிருப்பதைப் போட்டுவிடுகிறேன்.

நீ அந்த வேலையில் சேர்ந்தபோது என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "தண்ணிக்குள்ள சுட்டா சாதாரணக் குண்டு நாலடி போறதுக்குள்ள சோந்து விழுந்துடும்மா, நீ காய் நறுக்குற கத்தியவிட ஆபத்து கம்மி" என்றாய். நானும் நம்பினேன். ஆனால் வரவு செலவு எழுதிப் பழகிய புத்தி சும்மா கிடக்குமா, ஒரு பக்கம் குறைந்தால் இன்னொரு பக்கம் ஏறியிருக்க வேண்டுமே, குண்டு போகாவிட்டால் மருந்து வெடித்த வேகமெல்லாம் எங்கே போயிற்று என்று குடைந்துகொண்டே இருந்தது. பரணில் இருந்த உன் பழைய பாடப்புத்தகங்களை இறக்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். காற்றைவிடத் தண்ணீர் எண்ணூறு மடங்கு கனமாம். துப்பாக்கிக் குழலுக்குள் நிற்கிற தண்ணீரை முட்டித் தள்ளிக்கொண்டுதான் குண்டு வெளியே வரவேண்டும், வெளியே போக முடியாத வேகம் குழலைப் பிளக்கப் பார்க்கும், மிச்சம் தண்ணீர் வழியாகவே வந்து பக்கத்தில் நிற்கிறவர் காதையும் நெஞ்சையும் அறையும். கணக்கு நேராயிற்று, என் நிம்மதி போயிற்று. காற்றில் சுழன்று நேராகப் போகிற குண்டு தண்ணீரில் குடிகாரன்போல் புரளும், அதனால் ஊசிபோல் நீளமாகச் செய்து மூக்கை மட்டும் மழுங்கலாக விடுகிறோம், அது தண்ணீரை விலக்கித் தன்னைச் சுற்றி ஒரு குமிழியைப் போர்த்திக்கொண்டு அதற்குள்ளேயே ஓடும் என்று நீ விளக்கியபோது எனக்கும் பெருமைதான். சப்பைமூக்கு என்று உன்னைக் கேலி செய்த அத்தையிடம்கூடப் போய்ச் சொன்னேன். அந்தப் பெருமையெல்லாம் போன வாரத்தோடு சரி.

சோடாபுட்டி என்று நீ கிண்டல் செய்வாயே, உன்னோடு வேலை பார்க்கிற தடிக்கண்ணாடிக்காரன், அவன் கை கிழிந்தது என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சொன்னதை நான் புரிந்துகொண்ட விதத்தில் எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. அந்தத் துப்பாக்கி தண்ணீரிலும் சுடவேண்டும், வெளியே வந்ததும் காற்றிலும் சுடவேண்டும். குழல் முழுக்கத் தண்ணீர் நிறைந்திருந்தால் அதற்குத் தக்கபடி செய்திருக்கிறீர்கள், முழுக்க வடிந்திருந்தாலும் பயமில்லை, அரைகுறையாக நின்றால்தான் வினை. குண்டு காற்றில் வேகம் பிடித்து வந்து அந்தத் தண்ணீரில் சுவரில் மோதுவதுபோல் மோதும். நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும் என்று மனுஷருக்குச் சொல்லி வைத்தார்கள், இரும்புக்கும் அதே கதிதான் போலிருக்கிறது. உறிஞ்சு குழாயின் மேல்வாயை விரலால் பொத்தித் தூக்கினால் உள்ளே தண்ணீர் நிற்கும் அல்லவா, அதுபோலத்தான் குழலுக்குள்ளும் நிற்கும், தூக்கிய பிறகு பின்பக்கத்தைத் திறந்து காற்று விட்டால்தான் வடியும் என்றாய். அன்று துப்பாக்கியைத் தொட்டியிலிருந்து தூக்கி, ஆடாமல் நிறுத்தும் இரும்புப் பிடியில் மாட்டியாயிற்று. இரும்புத் தடுப்புக்குப் பின்னாலிருந்து சோடாபுட்டி "ஆச்சா?" என்று கேட்டான், வடித்தாயிற்றா என்ற பொருளில். "ஆச்சு" என்று பதில் வந்தது, மாட்டியாயிற்று என்ற பொருளில். அவன் விசையில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தான். குழல் பிளந்து, சில்லு தடுப்பின் ஓரமாக வந்து கயிறு பிடித்த கையில் பாய்ந்தது.

தூக்கினவங்க ஆச்சுன்னு சொல்லிட்டாங்கம்மா என்று மட்டும் சொன்னாய், யார் என்று சொல்லவில்லை. நான் போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அங்கே உன்னையும் அவனையும் விட்டால் தமிழ் பேச ஆளில்லை என்று நீதானே அலுத்துக்கொள்வாய், அப்படியிருக்க அந்த ஆச்சு வேறு யார் வாயிலிருந்து வந்திருக்கும்? நம் வீட்டில் குளித்தாலும் ஆச்சு, படித்தாலும் ஆச்சு, கதவைச் சாத்தினாலும் ஆச்சுதான், என்ன ஆயிற்று என்று கேட்டால் உனக்கு மூக்குமேல் கோபம் வரும். என்னிடம் மறைத்ததற்காக உன்னை வையமாட்டேன் கண்ணு. ஆனால் அடுத்த வாரம் நானே தண்ணிக்குள்ள இறங்கிக் கையில பிடிச்சுச் சுடப்போறேன் என்று அதே மூச்சில் சொன்னாயே, அது எதற்கு என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. இதுவரை பிடியில் மாட்டிக் கயிற்றால் இழுத்ததை, அவன் கை கட்டுப்போட்டுக் கிடக்கும்போது நீ ஏன் கையில் எடுக்கவேண்டும்? மேலதிகாரி கேட்டாரா, நீயாகத்தானே போய் நின்றாய்? உன் விரல் போனால் அவன் கணக்கில் அது வரவாகாது, மகளே. இரண்டு பக்கமும் நஷ்டம் எழுதுகிற கணக்கு உலகத்தில் கிடையாது. அப்பாவிடம் சொன்னேன், "படிச்ச பொண்ணு, அவளுக்குத் தெரியாததா" என்றார், ஆனால் சாப்பிட்ட கை காய்கிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கோ என்ன வேண்டுவது என்றே தெரியவில்லை. அந்தத் துப்பாக்கி நன்றாகச் சுடவேண்டும் என்று ஆண்டவனைக் கேட்க வாய் வரவில்லை, அது இன்னொருத்தி பெற்ற பிள்ளையைச் சுடுவதற்கென்று செய்கிற சாமான். சுடாமல் போகட்டும் என்று வேண்டினால் உன் கையிலேயே வெடித்துவிடுமோ என்று நடுங்குகிறேன். பாதி வேண்டுதலில் நாக்கு நின்றுபோகிறது.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போ. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆச்சுன்னு சொன்னது நான்தான், மாட்டினதைச் சொன்னேன், நீ வேறமாதிரி எடுத்துக்கிட்டே என்று உன் வாயால் சொல். அவனுக்கு அது முன்பே தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல். திட்டினால் வாங்கிக்கொள். அதன் பிறகும் இறங்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் இறங்கு, நான் தடுத்து நீ எப்போது கேட்டாய்? ஆனால் அது வேலைக்காக இறங்குவதாக இருக்கட்டும், தண்டனைக்காக வேண்டாம். யார் கேட்டாலும் நிறைந்தது, வடிந்தது என்று முழுச் சொல்லாகச் சொல். சொல்வதற்கு முன் கண்ணால் பார்.

தொட்டியிலிருந்து ஏறியதும் தலையை நன்றாகத் துவட்டு, காது இரைந்தால் இரண்டு நாளில் சரியாகும் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டு. ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும் என்று உன் தலையில் கைவைத்ததாக நினைத்துக்கொள். ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. இன்று காலையிலிருந்து நான் அவன் கைக்காகத்தான் முதலில் வேண்டுகிறேன், அவன் அம்மாவுக்கு நீ யாரோ, நான் யாரோ, ஆனாலும் அந்தக் கை கிழிந்ததில் நம் வீட்டு ஆச்சுக்கும் பங்கிருக்கிறது. உன் பெயரை அவனுக்கு அடுத்துதான் சொன்னேன். அப்போதுதான் வேண்டுதல் பாதியில் நிற்காமல் முடிந்தது.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலிலேயே நிற்கும்
அம்மா